0/0 வந்தால் வகையிடும் முன் ஒரு வரி

தேர்வு முடிவு வந்துவிட்டது, மூச்சும் சீராகிவிட்டது. அடுத்த முறை எழுதப் போகிறவர்களுக்கு எல்லைக் கணக்குகளைப் பற்றி மட்டும் சொல்கிறேன், அதாவது மாறி ஓர் எண்ணை நெருங்கும்போது கோவை எந்த மதிப்பை நெருங்குகிறது என்று காணும் கணக்குகள். இந்தப் பகுதியில் மதிப்பெண் போவது சூத்திரம் மறந்துபோவதால் அல்ல. 0/0 இருக்கிறதா என்று ஒவ்வொரு வரியிலும் பார்க்காததால்தான். (மாறியை ‘ம’ என்று குறிக்கிறேன்.)

முதலில் 0/0 ஏன் விடை ஆகாது என்பது. 6/3 = 2 என்றால் 2 × 3 = 6 என்று பொருள். 6/0-க்கு இதைப் பொருத்தினால், 0-ஆல் பெருக்கியதும் 6 தரும் எண் எதுவுமே கிடைக்காது. 0/0-க்குப் பொருத்தினால் எந்த எண்ணும் சரியாக வரும்: 1, 7, −400, எல்லாம். ஒரே மதிப்பைத் தேர்ந்தெடுக்க வழியில்லை, அதனால் வரையறுக்கப்படவில்லை. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் 0/0 = 0 என்று எழுதினார். பூஜ்ஜியத்துக்கு விதிகளை முறையாக வகுத்தவரே சறுக்கிய இடம் இது. ஆகவே விடைத்தாளில் “= 0/0 = 0” என்றோ “= 1” என்றோ எழுதி முடிக்காதீர்கள்.

எல்லைக் கணக்கில் 0/0 என்பது மதிப்பு அல்ல, வடிவம். தேறப்பெறாத வடிவம் என்றால் “இன்னும் தெரியவில்லை, வேலை பாக்கி இருக்கிறது” என்று பொருள். 5/0 வடிவம் வந்தால் நிலைமை வேறு: அங்கே முடிவுள்ள எல்லை கிடையாது, இரு பக்கக் குறிகளைப் பார்த்தால் போதும். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு 5/0-க்கு லோபிதாலின் விதியை (0/0 வந்தால் தொகுதியையும் பகுதியையும் தனித்தனியாக வகையிட்டு எல்லை காண்பது) போடுகிறவர்கள் நிறைய.

இப்போது 0/0 இருக்கிறதா என்று பார்க்காமல் வகையிடும் தவறு. ம → 1 எனும்போது:

(ம³ − 3ம + 2) / (ம³ − ம² − ம + 1)

பிரதியிட்டால் 0/0. தொகுதியையும் பகுதியையும் தனித்தனியாக வகையிட்டால் (3ம² − 3) / (3ம² − 2ம − 1). மறுபடி 0/0. இன்னொரு முறை வகையிட்டால் 6ம / (6ம − 2). இங்கே நிறுத்த வேண்டும். பிரதியிட்டால் 6/4, அதாவது 3/2. கை ஓடுகிற வேகத்தில் மூன்றாவது முறையும் வகையிட்டால் 6/6 = 1 என்று வரும், பார்க்க அழகாகவும் இருக்கும், முழுத் தவறு. 6/4 தேறப்பெறாத வடிவம் இல்லை, எனவே விதிக்கு அங்கே வேலையில்லை. ஒவ்வொரு முறை வகையிடும் முன்பும் ஓரத்தில் “0/0 வடிவம்” என்று எழுதுங்கள். எழுத முடியவில்லை என்றால் வகையிடக் கூடாது. வேகமாகப் போடுகிறவர்களுக்கு இது எரிச்சலாக இருக்கும், ஆனாலும் விடாதீர்கள்.

அதே கணக்கில் காரணிப்படுத்தினால் (ம − 1)² தொகுதியிலும் பகுதியிலும் அடிபட்டு (ம + 2)/(ம + 1) மிஞ்சும். உடனே 3/2. பல்லுறுப்புக்கோவை என்றால் எனக்கு எப்போதும் காரணிதான் முதலில். 0/0-ஐ உண்டாக்கிய உறுப்பு கண்ணுக்குத் தெரிகிறது.

மற்றவை வேகமாக:

– வர்க்கமூலம் இருந்தால் இணையால் (நடுக்குறியை மாற்றிய கோவை, கீழே √(ம + 4) + 2) தொகுதியையும் பகுதியையும் பெருக்குங்கள். ம → 0 எனும்போது (√(ம + 4) − 2)/ம = 1/4.
– லோபிதாலில் வகுத்தல் விதி கிடையாது. தொகுதிக்குத் தனி வகைக்கெழு, பகுதிக்குத் தனி.
– சைன் ம/ம → 1 என்பது ரேடியனில் மட்டும். பாகையில் π/180.
– அதை நிறுவச் சொன்னால் லோபிதால் வேண்டாம். சைனின் வகைக்கெழுவே அந்த எல்லையிலிருந்துதான் வருகிறது. சுற்றிச் சுற்றி வாதிட்டதாகிவிடும்.
– |ம|/ம, ம → 0: இடப்பக்கம் −1, வலப்பக்கம் 1, எல்லை இல்லை. மட்டுக்குறியைப் பார்த்ததும் இரு பக்கத்தையும் தனித்தனியாக எழுதுங்கள்.

(டேன் ம − சைன் ம)/ம³ பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். ம → 0 எனும்போது டேன் ம-வும் சைன் ம-வும் ஏறக்குறைய ம-தானே என்று இரண்டையும் மாற்றினால் தொகுதி 0 ஆகி, விடையும் 0 என்று வரும். உண்மை விடை 1/2. கழித்தலில் முதல் உறுப்புகள் அடிபட்டுப் போகின்றன, விடையைத் தீர்மானிப்பது அடுத்த உறுப்பு, அதைத்தான் தோராயத்தில் தூக்கி எறிந்துவிட்டோம். டேன் ம-வைப் பொதுக்காரணியாக வெளியே எடுங்கள்: (டேன் ம/ம) × (1 − காஸ் ம)/ம². முதலாவது 1, இரண்டாவது 1/2. பெருக்கலில் தோராயம் தாங்கும், கழித்தலில் தாங்காது.

தொடர்ச்சிக் கணக்கில் (ம² − 9)/(ம − 3) தந்து, ம = 3-இல் சார்பின் மதிப்பு க என்றால், சார்பு தொடர்ச்சியாக இருக்க க = 6. (ம − 3)-ஐ அடிக்கும் வரியில் “ம ≠ 3” என்று குறிப்பிடுங்கள். எல்லை காணும்போது ம 3-ஐ நெருங்குகிறது, 3 ஆவதில்லை. அடிக்க உரிமை கிடைப்பதே அதனால்தான்.

கடைசியாக, லோபிதால் கைவிடும் இடம். ம² சைன்(1/ம) / ம, ம → 0. 0/0 வடிவம்தான். வகையிட்டால் 2ம சைன்(1/ம) − காஸ்(1/ம) வரும், அது ஊசலாடிக்கொண்டே இருக்கும். உடனே “எல்லை இல்லை” என்று எழுதினால் தவறு. வகைக்கெழுக்களின் விகிதத்துக்கு எல்லை இருந்தால்தான் விதி பேசும். இல்லையென்றால் மூலக் கணக்கைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை. சுருக்கினால் ம சைன்(1/ம), அது −|ம|-க்கும் |ம|-க்கும் நடுவே அடைபட்டிருக்கிறது, எல்லை 0.