பத்தாம் வகுப்புச் சான்றிதழும் ஊராட்சித் தலைவர் பதவியும்

உள்ளாட்சித் தேர்தல் பேச்சு எழும்போதெல்லாம், ஊராட்சித் தலைவராகப் போட்டியிடக் குறைந்தபட்சக் கல்வித் தகுதியை விதிக்க வேண்டும் என்ற கோரிக்கையும் கூடவே எழுகிறது. நிர்வாகம் சீர்பட வேண்டும் என்ற ஆதங்கத்தில்தான் பலரும் அதைக் கேட்கிறார்கள். ஆனால் அந்தக் கோரிக்கையை என்னால் ஏற்க முடியவில்லை.

ராஜஸ்தான் 2014 டிசம்பரில் ஓர் அவசரச் சட்டத்தின் மூலம், சர்பஞ்ச் (ஊராட்சித் தலைவர்) பதவிக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சியைக் கட்டாயமாக்கியது. அடுத்த ஆண்டு ஹரியானா, பொதுப்பிரிவு ஆண்களுக்குப் பத்தாம் வகுப்பு என்றும், பெண்களுக்கும் பட்டியல் சாதியினருக்கும் எட்டாம் வகுப்பு என்றும் விதித்ததோடு, வீட்டில் கழிப்பறை இருக்க வேண்டும், மின்கட்டண பாக்கி இருக்கக் கூடாது என்றும் சேர்த்துக்கொண்டது. ஹரியானா விதியை எதிர்த்துத் தொடரப்பட்ட ராஜ்பாலா வழக்கில், உச்ச நீதிமன்றம் 2015 டிசம்பர் 10 அன்று அது செல்லும் என்றது. ராஜஸ்தான் 2019இல் தன் விதியைக் கைவிட்டது. சட்டம் இயற்றும் சட்டமன்ற உறுப்பினருக்கோ நாடாளுமன்ற உறுப்பினருக்கோ எந்தக் கல்வித் தகுதியும் தேவையில்லை என்றிருக்க, ஊருக்குள் பள்ளிக்கூடமே இல்லாத காலத்தில் பிறந்துவிட்ட ஒரு பெண்மணியிடம் மட்டும் சான்றிதழ் கேட்பது, அரசு செய்யத் தவறியதற்கு அவரைத் தண்டிப்பதாகும்.

தலைவரின் திறமை எங்கே தேவைப்படுகிறது என்று பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஊராட்சிக் காசோலையில் தலைவரும் துணைத் தலைவரும் சேர்ந்து கையெழுத்திடுகிறார்கள். தீர்மானப் புத்தகத்தை எழுதுபவர் ஊராட்சிச் செயலர்; முடிந்த வேலையை அளந்து அளவுப் புத்தகத்தில் பதிபவர்கள் ஊராட்சி ஒன்றியத்துப் பொறியாளர்கள். இவற்றைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்கத் தெரியாத தலைவர், பட்டதாரியாகவே இருந்தாலும், நீட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுபவராகவே இருப்பார். எங்கள் பகுதியில், தன் பெயரை மட்டுமே எழுதத் தெரிந்த ஒரு தலைவியம்மா, வேலைக்கான மதிப்பீட்டை (எஸ்டிமேட்) மகளை விட்டு வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு, டேப்பைப் பிடித்து சிமெண்ட் சாலையின் ஓரத்துக் கனத்தை அளந்தார். குறைந்திருந்த இடங்களைச் சரிசெய்யும் வரை பில்லில் கையெழுத்திட மறுத்துவிட்டார். எந்தப் பத்தாம் வகுப்புப் பாடத்திலும் இது இல்லை.

பெண்களுக்கு 50 விழுக்காடு இடஒதுக்கீடு வந்தபின், மனைவி பெயரில் கணவர் நிர்வாகம் நடத்துவதைக் காட்டிக் கல்வித் தகுதி கேட்பவர்களும் உண்டு. சான்றிதழ் இருந்தாலும் அந்தக் கணவர் தலைவர் நாற்காலியை விட்டு எழுந்துவிடப் போவதில்லை. கிராம சபையில் வரவு செலவைத் தலைவியே வாசிக்க வேண்டும், அலுவலர்கள் அவரிடம் மட்டுமே பேச வேண்டும் என்ற கண்டிப்புதான் அந்தக் கணவரை எழுப்பும்.

மறைமலைநகரில் ஊரக வளர்ச்சிக்கென்றே மாநிலப் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. முதல் காசோலையில் கையெழுத்திடும் முன்பே, மதிப்பீட்டையும் அளவுப் புத்தகத்தையும் கையில் கொடுத்து, ஒரு சாலையையோ குடிநீர்த் தொட்டியையோ நேரில் அளக்க வைத்துத் தலைவர்களுக்குப் பயிற்சி தர வேண்டும். மதிப்பீடுகள் எளிய தமிழில் இருக்க வேண்டும். 27 மாவட்டங்களில் 2019இல் தேர்வானவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்களின் பொறுப்புக்குச் சென்றன. அடுத்து வருபவர்களுக்கான பயிற்சியை இப்படி அமைக்க எந்தச் சட்டத் திருத்தமும் தேவையில்லை.