இளைஞர்களுக்கான போஸ்டர் பிரசாரம்: ஒரு வரியிலிருந்து அச்சு வரை

கருவை முடிவு செய்வதிலேயே எங்களுக்குப் பாதி நேரம் போனது. அது போக வேண்டிய நேரம்தான். எடுத்துக்கொண்ட விஷயம், பைக் ஓட்டும்போது செல்போன் பார்ப்பது. முதல் குறிப்பில் 'இளைஞர்களிடையே சாலைப் பாதுகாப்பு விழிப்புணர்வு' என்று இருந்தது. அதை வைத்து எந்த டிசைனராலும் எதையும் வரைய முடியாது. யார், எப்போது, என்ன செய்ய வேண்டும் என்று மூன்றையும் நிரப்பினோம்: புதிதாக லைசென்ஸ் வாங்கிய 18 முதல் 21 வயதினர், வண்டியைக் கிளப்பும் முன், போனை சைலன்ட்டில் போட்டுப் பையில் வைக்க வேண்டும். இதில் சேராத எல்லாவற்றையும் ஒதுக்கினோம், ஹெல்மெட் உட்பட. அதற்குத் தனி போஸ்டர் வேண்டும்.

அடுத்து எல்லோருக்கும் தோன்றியது ரத்தமும் நொறுங்கிய வண்டியும். பயத்தைக் காட்டிவிட்டுத் தப்பிக்கும் வழியைச் சொல்லாமல் விட்டால், பார்ப்பவர் முகத்தைத் திருப்பிக்கொள்வார். 'பெரும்பாலான இளைஞர்கள் போன் பார்த்தபடியே ஓட்டுகிறார்கள்' என்ற வாசகம் அதைவிட மோசம். ஊரே செய்கிறது, நாமும் செய்தால் என்ன என்றுதான் அது மனதில் பதியும். அமெரிக்காவில் 1998இல் தொடங்கிய இளையோருக்கான போதை எதிர்ப்பு விளம்பரப் பிரசாரத்தை மதிப்பிட்டபோது, கஞ்சாப் பழக்கம் அதனால் குறைந்ததாகத் தெரியவில்லை. இத்தனை விளம்பரம் வருகிறதென்றால் பலரும் புகைக்கிறார்கள் போல என்று பிள்ளைகள் நினைத்திருக்கலாம் என்பது ஆய்வாளர்கள் தந்த விளக்கங்களில் ஒன்று.

ஆகவே கணக்கைப் பிடித்துக்கொண்டோம். மணிக்கு 40 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 11 மீட்டர். 3 நொடி குனிந்தால் 33 மீட்டர் சாலை கண்ணில் படாது. முதலில் எழுதியது: 'நீ 3 நொடி போனைப் பார்த்தாய், 33 மீட்டர் சாலையைப் பார்க்கவில்லை.' அந்த 'நீ' அதட்டலாக ஒலித்தது. 'நீங்கள்' போட்டால் அரசு அறிவிப்பு வாசனை. இரண்டையும் எடுத்துவிட்டோம்: 'போனில் 3 நொடி. சாலையில் 33 மீட்டர்.' கீழே, செய்ய வேண்டியது ஒரே வரியில்.

டிசைனுக்கு முன்பே கறுப்பு வெள்ளை ஏ4 தாளில் 3 வாசகங்களை அச்சிட்டு, அந்த வயதினர் 12 பேரிடம் தனித்தனியாகக் காட்டினோம். 5 நொடி காட்டி மறைத்துவிட்டு, 'இது என்ன சொல்லுது? யாருக்குச் சொல்லுது?' இவ்வளவுதான் கேள்வி. 'பிடிச்சிருக்கா' என்று கேட்டால் மரியாதைக்கு ஆமாம் என்பார்கள். குழுவாக உட்கார வைத்தால் முதலில் பேசுபவரின் கருத்தே எல்லோருடையதும் ஆகிவிடும். யாருக்கு என்ற கேள்விக்கு 'அப்பா அம்மாவுக்கு' என்று பதில் வந்த வாசகத்தைத் தயங்காமல் தூக்கிவிட வேண்டும்.

போஸ்டர் ஏ2 அளவு, 420க்கு 594 மில்லிமீட்டர். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட், அதாவது ஓரம் வெட்டும்போது போகவென்று கூடுதலாக விடும் அச்சுப் பரப்பு. 3 மீட்டர் தூரத்திலிருந்து சிரமமின்றிப் படிக்க எழுத்து 25 மில்லிமீட்டர் உயரம் வேண்டும். திரையில் பளிச்சென்ற பச்சை, அச்சில் மங்கிவிடும்; தொடக்கத்திலேயே அச்சு மைகளுக்கான நிற முறையான சிஎம்ஒய்கேயில் வேலை செய்யுங்கள். தமிழில் இன்னொரு தொல்லை: இந்திய மொழி அமைப்பை இயக்காத டிசைன் மென்பொருளில் யூனிகோடு எழுத்தை ஒட்டினால் கொம்பு இடம் மாறி, 'போ' உடைந்துபோகும். சரிபார்த்த பிறகு எழுத்துகளை அவுட்லைனாக, அதாவது எழுத்துரு தேவைப்படாத வெறும் வடிவங்களாக மாற்றி, பிடிஎஃப் ஆக அனுப்புங்கள். அதன் பிறகும் அச்சகம் தரும் ப்ரூஃபை, அதாவது மாதிரி அச்சை, எழுத்தெழுத்தாகப் படியுங்கள்.

க்யூஆர் கோடு வேண்டும் என்று கடைசிவரை வற்புறுத்தல் இருந்தது. போனை உள்ளே வைக்கச் சொல்லும் போஸ்டரே அதை வெளியே எடுக்க வைக்கக் கூடாது என்று விட்டுவிட்டோம். ஒட்டும் இடத்துக்கும் இதே நியாயம். சிக்னலில் ஒட்டினால் ஓட்டுபவரின் கண்ணைச் சாலையிலிருந்து நாமே இழுக்கிறோம். வண்டி நிறுத்துமிடத்தின் சுவரில், சாவியைக் கையில் எடுக்கும் இடத்தில், கண் மட்டத்தில் ஒட்டினோம்.