பெர்த்தா பென்ஸ் போன வழியில் நாலு நாள்

"இடது லேனில் தங்காதீர்கள்." ஃப்ராங்க்ஃபர்ட் விமான நிலையத்து வாடகைக் கார் கவுண்டரில் சாவியை நீட்டிய பெண்மணி எனக்குச் சொன்ன புத்திமதி இது ஒன்றுதான். என் இந்திய லைசென்ஸ், சர்வதேச ஓட்டுநர் அனுமதி, கிரெடிட் கார்டு எல்லாவற்றையும் பார்த்துவிட்டு இதை மட்டும் சொன்னார். முந்திச் செல்ல மட்டுமே இடது, முந்தியதும் உடனே வலது. நாலு நாள் ஓட்டிய பிறகு யோசித்துப் பார்த்தால், அந்த ஊர்க் கார்களைப் புரிந்துகொள்ள அந்த ஒரு வரி பெரிய உதவியாக இருந்தது.

கிடைத்த வண்டி பென்ஸ் ஈ-கிளாஸ், ஈ 220 டி, டீசல். மெர்சிடிஸ் என்று எழுதினால் நம்மில் பாதிப் பேருக்கு ஒட்டாது, நம் ஊரில் அது பென்ஸ் கார்தான், அதனால் அப்படியே எழுதுகிறேன். சீட்டை நகர்த்தும் பட்டன்கள் கதவிலேயே, சீட் வடிவத்திலேயே இருக்கின்றன. எந்தப் பகுதியைத் தொடுகிறோமோ சீட்டில் அந்தப் பகுதி நகர்கிறது, மேனுவலைப் புரட்ட வேண்டியதே இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். ஊரில் நான் ஓட்டும் காரில் இண்டிகேட்டர் ஸ்டியரிங்குக்கு வலது பக்கம். இதில் அதே இடத்தில் கியர் செலக்டர் இருக்கிறது. பார்க்கிங் கட்டடத்தின் முதல் திருப்பத்தில் பழக்கத்தில் வலது கை அதைத் தட்டிவிட்டது, வண்டி நியூட்ரலுக்குப் போய்விட்டது. இதே தவறு ஆட்டோபானில், அதாவது ஜெர்மனியின் அதிவேக நெடுஞ்சாலையில், நடந்திருந்தால் என்று நினைத்தபோது உடம்பு சில்லிட்டது. அங்கேயே இருபது நிமிடம் மெல்லச் சுற்றிச் சுற்றி வந்து கையைப் பழக்கிய பிறகுதான் வெளியே எடுத்தேன். முதல்முறை போகிறவர்கள் தயவுசெய்து இதைச் செய்யுங்கள்.

நேராக மான்ஹைம் போனேன். அங்கிருந்து ஃபோர்ட்ஸ்ஹைம் வரை, 1888 ஆகஸ்டில் பெர்த்தா பென்ஸ் கார் ஓட்டிப் போன வழியில் போக வேண்டும் என்பது பல வருட ஆசை. கணவர் கார்ல் பென்ஸ் 1886-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார், ஆனால் குதிரை இல்லாத வண்டியை நம்பி வாங்க ஆள் இல்லை. பெர்த்தாவுக்கு அப்போது 39 வயது. கல்யாணத்துக்கு முன்பே தன் சீதனப் பணத்தை எடுத்து அவருடைய தொழிலைக் காப்பாற்றியவர். ஒரு நாள் அதிகாலை கணவரிடம் சொல்லாமல், மகன்கள் ஓய்கனையும் ரிச்சர்டையும் ஏற்றிக்கொண்டு, நூறு கிலோமீட்டருக்கும் மேல் தள்ளி இருந்த அம்மா வீட்டுக்குக் கிளம்பிவிட்டார். அதுவரை அந்த வண்டி அவ்வளவு தூரம் போனதே இல்லை. வழியில் எரிபொருள் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்திச் சரிசெய்திருக்கிறார். பிரேக் கட்டை தேய்ந்ததும் செருப்புத் தைப்பவரிடம் தோல் வைத்து அடித்து வாங்கியிருக்கிறார். நம் ஊர் வாயில் நிலைத்துவிட்ட பென்ஸ் என்ற பெயரைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருபவர் இந்தப் பெண்மணிதான், கார்ல் இரண்டாவதுதான்.

இப்போது அந்த வழி முழுக்கப் பலகை வைத்திருக்கிறார்கள். லாடன்பர்க், ஹைடல்பெர்க், வீஸ்லோக் என்று ஊர் ஊராகப் போகிறது. ஊருக்குள் 50, பல தெருக்களில் 30, அதற்கு மேல் போனால் கேமரா பிடித்துவிடும். சொகுசுக் காரின் அருமை வேகத்தில்தான் தெரியும் என்று நினைத்திருந்த எனக்கு, லாடன்பர்க்கில் கருங்கல் பாவிய சந்தில் 20-ல் உருட்டிக்கொண்டு போகும்போதே அது தெரிந்துவிட்டது. கல்லின் மேடு பள்ளம் சக்கரத்துக்குத் தெரிகிறது, டபடபவென்று சத்தம் மெல்லக் கேட்கிறது, ஆனால் முதுகுக்கு வந்து சேருவதில்லை. ஸ்டியரிங்கை ஒரு விரலால் திருப்பலாம். இவ்வளவு பெரிய வண்டி இவ்வளவு குறுகலான தெருவில் என்னைப் பதற்றப்படுத்தவே இல்லை.

வீஸ்லோக்கில் அந்த மருந்துக் கடைக் கட்டடம் இன்னும் இருக்கிறது. பெட்ரோல் பங்க் என்ற ஒன்றே உலகத்தில் இல்லாத காலம். கறை நீக்கப் பயன்படும் லிக்ரோயின் என்ற திரவத்தை பெர்த்தா இந்த மருந்துக் கடையில் வாங்கி ஊற்றிக்கொண்டு போயிருக்கிறார். உலகின் முதல் பெட்ரோல் பங்க் என்று அந்த ஊர்க்காரர்கள் அதைப் பெருமையாகச் சொல்கிறார்கள், சொல்ல வேண்டியதுதான். வாசலில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, ஊருக்கு வெளியே ஒரு பங்கில் டீசல் போட்டேன். நாமே போட்டுக்கொண்டு, உள்ளே போய் பம்ப் எண்ணைச் சொல்லிப் பணம் கட்ட வேண்டும்.

ஃபோர்ட்ஸ்ஹைமை நெருங்க நெருங்க மேடு. பெர்த்தாவின் வண்டியால் ஏற முடியாமல் 15 வயதும் 13 வயதுமான இரண்டு பையன்களும் இறங்கித் தள்ளிய மேடுகள் இவை. ஊர் திரும்பிய பிறகு, மேடு ஏற இன்னொரு கியர் வேண்டும் என்று கணவரிடம் சொன்னவரும் பெர்த்தாதான். என் வண்டியில் ஒன்பது கியர். எந்த இடத்தில் எது மாறியது என்று காது வைத்துக் கேட்டும் எனக்குப் பிடிபடவில்லை. ரோட்டோரம் நிறுத்தி, இறங்கி அந்த ஏற்றத்தைத் திரும்பிப் பார்த்தபோது தொண்டை அடைத்தது.

அடுத்த நாள் ஸ்டுட்கார்ட்டில் பென்ஸ் மியூசியம். லிஃப்டில் உச்சிக்குப் போய், காலவரிசையில் சுற்றிச் சுற்றி இறங்கி வர வேண்டும். அரை நாள் ஒதுக்குங்கள், அதைத் தனியாக எழுத வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமைக்காகக் காத்திருந்தேன். அன்று இரவு பத்து மணி வரை கனரக லாரிகளுக்குத் தடை. மற்ற நாட்களில் ஒரு லாரி இன்னொரு லாரியை மெல்ல மெல்ல முந்திக்கொண்டு பின்னால் வரும் எல்லோரையும் நிறுத்திவைக்கும், அதற்கு ஜெர்மன்காரர்கள் வைத்திருக்கும் பெயர் யானைப் பந்தயம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து தெற்கே ஜிங்கன் பக்கம் போகும் ஏ81 ஆட்டோபானில் வேகக் கட்டுப்பாடு இல்லாத நீளமான பகுதிகள் உண்டு. வெள்ளை வட்டத்தில் சாய்வாகக் கறுப்புக் கோடுகள் போட்ட பலகை வந்தால் கட்டுப்பாடு முடிந்தது என்று அர்த்தம். ஆனாலும் 130 என்பது 1978 முதல் பரிந்துரை வேகம். அதற்கு மேல் போய் விபத்தானால், தவறு நம்முடையதாக இல்லாவிட்டாலும் பொறுப்பில் ஒரு பங்கு நம் தலையில் விழலாம்.

130-ல் ஆர்பிஎம் முள் 1,500-ஐ ஒட்டியே நிற்கிறது. 160 போனேன், பேச்சுக் குரலை உயர்த்த வேண்டியிருக்கவில்லை. 190 தொட்டேன். வண்டி ரோட்டோடு இன்னும் கொஞ்சம் ஒட்டி உட்கார்ந்த மாதிரி இருந்தது, அவ்வளவுதான். மாறியது நான்தான். கண் தூரத்துக்குப் போய்விட்டது, உள்ளங்கை வியர்த்தது, கண்ணாடியில் புள்ளியாகத் தெரிந்த ஒரு கார் நான் வலது லேனுக்கு ஒதுங்கி முடிப்பதற்குள் பக்கத்தில் வந்து கடந்து போனது. ஹார்ன் இல்லை, லைட் அடிக்கவில்லை. நான் ஒதுங்குவேன் என்று அவருக்குத் தெரியும், வலது பக்கமாக யாரும் முந்த மாட்டார்கள் என்று எனக்குத் தெரியும். இந்த நம்பிக்கை இருக்கும் ரோட்டுக்காகச் செய்த வண்டிகள் இவை. மூன்று மணி நேரம் ஓட்டி இறங்கினால் கால் மரத்துப்போகவில்லை, தலை பாரமாக இல்லை. கொடுக்கும் காசு தோலுக்கும் திரைக்கும் இல்லை, இந்தக் களைப்பின்மைக்குத்தான் என்று அன்று எனக்கு உறைத்தது.

ஹோர்ப் பக்கத்தில் நெக்கார் பள்ளத்தாக்கின் மேல் மிக உயரமான பாலம் ஒன்று வருகிறது. பக்கவாட்டில் காற்று அடித்தது, வண்டி ஒரு சாண் நகர்ந்த மாதிரி இருந்தது. உடனே 110-க்கு இறக்கிவிட்டேன்.

கடைசி நாளுக்கு முதல் நாள் கார்ல்ஸ்ரூவில் வேலை பார்க்கும் கல்லூரி ஜூனியர் ஒருவன் தன் பி.எம்.டபிள்யூ 5 சீரிஸைக் கொடுத்தான், ஆறு சிலிண்டர் டீசல், இன்சூரன்ஸில் என் பெயரையும் சேர்த்துவிட்டு. பேடன்-பேடனிலிருந்து கருங்காட்டு மலை மேல் போகும் பி500 ரோடு. பென்ஸ் ரோட்டை நம்மிடமிருந்து தள்ளி வைக்கிறது என்றால் இது ரோட்டைக் கையில் கொடுக்கிறது. தார் மாறினால் ஸ்டியரிங்கில் தெரிகிறது, வளைவில் மூக்கு நினைத்த இடத்துக்குப் போகிறது. "அண்ணா, வளைவுக்கு முன்னாடியே பிரேக் பிடிச்சிடுங்க, உள்ள போனப்புறம் கால் வைக்காதீங்க," என்று பக்கத்தில் இருந்து சொல்லிக்கொண்டே வந்தான். நாலைந்து வளைவுக்குள் கைவந்துவிட்டது. மும்மெல்ஸே ஏரிக்கரையில் நிறுத்திக் காபி குடித்தோம், ஆயிரம் மீட்டருக்கு மேல், நல்ல குளிர். எது பிடித்தது என்று கேட்டான். தினமும் ஓட்ட இது, தூரம் போக அது என்றேன்.

விமான நிலையம் திரும்பும் வழியில் ஓரிடம் பாக்கி இருந்தது. ஃப்ராங்க்ஃபர்ட்டுக்கும் டார்ம்ஸ்டாட்டுக்கும் நடுவே, ஏ5 ஓரத்து மரங்களுக்குள் ரேஸ் ஓட்டுநர் பெர்ண்ட் ரோஸ்மேயரின் நினைவுக் கல். 1938 ஜனவரி 28 காலை இதே ரோட்டில் பென்ஸ் காரில் இன்னொரு ரேஸ் ஓட்டுநர் காரட்சியோலா மணிக்கு 432 கிலோமீட்டருக்கு மேல் போய்ச் சாதனை வைத்தார். அதை முறியடிக்க போட்டி நிறுவனமான ஆட்டோ யூனியனின் காரில் புறப்பட்ட ரோஸ்மேயர், பக்கக் காற்றில் வண்டி தூக்கி எறியப்பட்டு அங்கேயே இறந்தார். வயது 28. கல்லடியில் யாரோ புதுப் பூ வைத்திருந்தார்கள். மரங்களுக்கு அந்தப் பக்கம் லாரிகளின் இரைச்சல் விடாமல் கேட்டுக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் நின்றுவிட்டு வண்டியை எடுத்தேன், விமான நிலையம் வரை வலது லேனிலேயே போனேன்.