கொள்ளிட மணலில் ஒரு பனிக்காலை

லாப்ரடார் நாயின் பூர்வீகம் கனடாவின் கிழக்குக் கடலோரத்தில் இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து. குளிர்ந்த கடலில் குதித்து வலையையும் மீனையும் இழுத்து வர மீனவர்கள் வைத்திருந்த நாய்களின் வழிவந்தது என்பதால், மேலே நீர் ஒட்டாத தடித்த முடியும் அதனடியில் நெருக்கமான மென்முடியுமாக இரட்டைப் போர்வை அதற்கு வாய்த்திருக்கிறது. அத்தகைய பிராணியைக் கும்பகோணத்தில் வளர்ப்பது நியாயமில்லைதான்; ஆனால், வெளிநாடு போன உறவினர் விட்டுச் சென்ற பூரணி எங்கள் வீட்டுப் பிள்ளையாகிவிட்டாள். சித்திரை, வைகாசியில் அவள் குளியலறைத் தரையை விட்டு எழுவதே இல்லை. நாய்க்கு நம்மைப் போல உடலெங்கும் வியர்ப்பதில்லை. நாக்கைத் தொங்கவிட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணித்துக்கொள்ளும். காற்றில் ஈரம் மிகுந்த நம் கோடையில் அதுவும் சரிவரப் பலிக்காது. ஆகவே அவளை வெளியே அழைத்துச் சென்று மனம்போல ஓடவிட எங்களுக்கு வாய்க்கும் காலம் மார்கழியும் தையும் மட்டுமே.

டொராண்டோவில் இருக்கும் அக்கா மகள் தன் நாயைக் கொட்டும் பனியில் விளையாட விட்டுக் காணொளி அனுப்புவாள். விளையாட்டு முடிந்தபின் விரல் இடுக்குகளில் உறைந்து உருண்டுபோன பனியை வெதுவெதுப்பான நீரில் கரைத்து எடுக்க வேண்டும் என்றும், சாலையில் தூவும் உப்பு பாதத்தைப் புண்ணாக்கிவிடும் என்றும் அவள் சொன்னபோது, பனியில்லாத ஊரிலும் பாதத்துக்குத்தான் முதல் காவல் தேவைப்படுகிறது என்று எண்ணிக்கொண்டேன்.

தை பாதி கடந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, விடிவதற்கு முன்பே காரின் பின்னிருக்கையில் பழைய போர்வையை விரித்து அவளை ஏற்றிக்கொண்டு நீலத்தநல்லூர் சாலையில் கிளம்பினோம். வடகிழக்குப் பருவமழையில் ஊறிய வயல்கள் மேகமற்ற இரவில் வெப்பத்தை இழந்து குளிரும்போது தரையை ஒட்டிய ஈரக்காற்று மூடுபனியாகத் திரள்கிறது. அன்று அது எதிரே வரும் லாரியின் விளக்கைக்கூட மங்கலாக்கும் அளவுக்கு இறங்கியிருந்தது. அறுவடைக்குச் சாய்ந்து நின்ற சம்பாப் பயிர் சாலையோரத்தில் மட்டும் தெரிந்தது; அதற்கப்பால் ஒன்றுமில்லை. பூரணி சன்னல் இடுக்கில் மூக்கை வைத்து, நாங்கள் காணாத வைக்கோலையும் சாணத்தையும் சேற்றையும் முகர்ந்துகொண்டு வந்தாள்.

கொள்ளிடம் வெள்ள வடிகால் ஆறு. முக்கொம்பில் காவிரியிலிருந்து பிரிந்து, மிகுதி நீரைச் சுமந்து கடலுக்குக் கொண்டுசெல்லும் வேலையைச் செய்வதால், வெள்ளம் இல்லாத காலத்தில் பெரும்பகுதி மணலாகவே கிடக்கும். மதனத்தூர் பாலத்தின் கீழே இறங்கி நின்றால் அக்கரை எங்கே என்று தேட வேண்டும். இந்த இடத்தை நாங்கள் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் உண்டு. கிழக்கே அணைக்கரைப் பக்கம் ஆற்றில் முதலைகள் இருக்கின்றன. நீரைக் கண்டால் யோசிக்காமல் பாயும் நாயோடு அங்கே போவது மடத்தனம். இங்கும் ஆழமான மடுக்களின் அருகே அவளை அவிழ்ப்பதில்லை. மணல் அள்ளிய பள்ளங்கள் வேறு வழியெங்கும் இருப்பதால், நான் முன்னால் நடந்து தரையைப் பார்த்த பிறகே கழுத்துப் பட்டையிலிருந்து கயிற்றைக் கழற்றினேன்.

அவள் பாய்ந்த வேகத்தில் ஈர மணல் என் வேட்டியெல்லாம் தெறித்தது. பனிக்குள் மறைவாள், சற்று நேரம் இரைப்பு மட்டும் கேட்கும், பிறகு எதிர்பாராத திசையிலிருந்து வந்து முழங்காலில் மோதுவாள். மூக்கால் குழி பறித்து, அடியில் ஊறிய நீரைக் கண்டதும் குரைத்து, அந்தக் குழியிலேயே வயிற்றை அமிழ்த்திப் படுத்துக்கொண்டாள். வீட்டில் பத்துப் படி ஏறினாலே இரைக்கும் நாய் இதுதானா என்று என் மனைவி கேட்டாள்.

திரும்பும் வழியில்தான் வாத்துக்காரரைக் கண்டோம். அறுத்த வயலில் சிந்திய நெல்லையும் நத்தையையும் மேய்ப்பதற்காகக் கரையோரமாக நூற்றுக்கணக்கான வாத்துகளை ஓட்டி வந்துகொண்டிருந்தார். வேட்டையில் வீழ்ந்த நீர்ப்பறவைகளைக் கவ்வி வரப் பழக்கப்பட்ட குலம் அல்லவா? பூரணியின் முன்னங்கால் ஒன்று தானாக மேலெழுந்தது, மூக்குநுனி துடித்தது.

"தம்பி, நாயக் கெட்டியாப் புடிச்சிக்குங்க. மந்தை கலஞ்சிடுச்சுன்னா பொழுது சாயற வரைக்கும் நான்தான் வயவயலாத் தேடணும்."

"புடிச்சிருக்கேங்க, நீங்க போங்க ஐயா."

அவர் போகாமல் நின்று அவளைப் பார்த்தார். "அறுத்த வயல்ல விடாதீங்க. எலிக்கு மருந்து வச்சிருப்பாங்க, நாய்க்கு ஆகாது" என்றார். அதை நான் அறிந்திருந்தேன் என்றாலும், முன்பின் அறியாத ஒருவர் எங்கள் நாய்க்காக நின்று சொன்னது பிடித்திருந்தது.

பாலத்தடியில் உட்கார்ந்து அவளுடைய நான்கு பாதங்களையும் விரல் விரலாகப் பிரித்துப் பார்த்தேன். பின்னங்காலின் மெத்தைக்கும் முடிக்கும் நடுவே நெருஞ்சி முள் ஒன்று சொருகிக்கொண்டிருந்தது. எடுக்கும்போது முனகினாள், எடுத்ததும் என் கையை நக்கினாள். காதுமடலுக்குள் உண்ணி இருக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு, கொண்டுபோன குடிநீரைக் கொடுத்துக் காரில் ஏற்றினோம். மாசி முதல் வாரத்துக்குள் இன்னொரு முறை வந்தாக வேண்டும். பங்குனி வந்துவிட்டால் இந்த மணல் காலையிலேயே சுடத் தொடங்கிவிடும்.