ஓட வைத்ததைவிட நிற்க வைத்ததுதான் பெரும்பாடு

1934 மாடல் ஃபோர்டு கூப் அது. அதன் சொந்த இன்ஜினை யாரோ எப்போதோ கழற்றிவிட்டு, 1949-53 காலத்து ஃப்ளாட்ஹெட் வி8 (வால்வுகள் தலையில் இல்லாமல் பிளாக்கிலேயே இருக்கும் எட்டு சிலிண்டர் இன்ஜின்) ஒன்றை உட்கார வைத்து ஹாட் ராடாக்கியிருந்தார்கள், அதாவது வேகத்துக்காக மாற்றியமைத்த பழைய கார். என் கைக்கு வரும் முன்பே பல வருடம் அசையாமல் கிடந்த வண்டி. எனக்கோ அதில் இரட்டை கார்புரேட்டர் மாட்டிப் பறக்கும் கனவு.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்ததும் கனவு கலைந்தது. 1934இல் ஃபோர்டுக்கு இரும்புக் கம்பி இழுக்கும் பிரேக்தான். கம்பெனி ஹைட்ராலிக்குக்கு, அதாவது குழாய் வழியாக ஆயிலை அழுத்திப் பிடிக்கும் பிரேக்குக்கு, மாறியதே 1939 மாடலில். முன்பு வைத்திருந்தவர் அந்த ஹைட்ராலிக் டிரம்களைக் கொண்டுவந்து மாட்டியிருந்தார். நல்ல காரியம்தான், ஆனால் பெடலை மிதித்தால் ஆயிலை அழுத்தி அனுப்பும் மாஸ்டர் சிலிண்டருக்கு ஒரே அறை. எங்காவது ஒரு குழாய் விட்டுப்போனால் நான்கு சக்கரத்துக்கும் பிரேக் இருக்காது. சரி, இதை முடிக்காமல் இன்ஜினைத் தொடுவதில்லை என்று முடிவு செய்தேன்.

முன்னால் டிஸ்க், பின்னால் டிரம், இரட்டை அறை மாஸ்டர் சிலிண்டர். மாட்டியாயிற்று, காற்றும் எடுத்தாயிற்று. பெடலை மிதித்தால் முதல் மிதி தரை வரை போகிறது. உடனே இன்னொரு முறை மிதித்தால் கல் மாதிரி நிற்கிறது. எங்கோ காற்று மிச்சம் இருக்கிறது என்று மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் ப்ளீட் செய்தேன், அதாவது மீண்டும் மீண்டும் காற்றை வெளியேற்றினேன். காற்று இருந்தால்தானே வரும்! கோளாறு வேறு. மாஸ்டர் சிலிண்டர் தரைப்பலகைக்கு அடியில், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பரைவிடத் தாழ்வாக இருக்கிறது. காலை எடுத்ததும் ஆயில் மெல்லக் கீழே இறங்கிவிடுகிறது. இதைத் தடுக்கவே, குழாயில் கொஞ்சம் அழுத்தத்தைத் தக்கவைக்கும் ரெசிடுவல் வால்வு என்று சின்ன உருப்படி ஒன்று உண்டு: டிஸ்க் லைனுக்கு 2 பிஎஸ்ஐ, டிரம் லைனுக்கு 10 பிஎஸ்ஐ. போட்டதும் பெடல் முதல் மிதியிலேயே நின்றது.

அப்புறம் இன்னொரு கூத்து. கொஞ்ச தூரம் உருட்டிவிட்டு வந்து தொட்டால் டிஸ்க் சுடுகிறது. பெடல் சீக்கிரம் பிடிக்கட்டுமே என்று, பெடலிலிருந்து மாஸ்டர் சிலிண்டரைத் தள்ளும் புஷ் ராடில் இடைவெளியே விடாமல் இறுக்கி வைத்தது நான்தான். அதனால் மாஸ்டர் சிலிண்டருக்குள் ஆயில் திரும்பும் சிறு துளை அடைபட்டே இருந்தது. ஒரு மயிரிழை தளர்த்தினேன், சரியாயிற்று.

மின்சாரத்தில் என் முட்டாள்தனம் ஒன்றும் உண்டு. பழைய ஃபோர்டுகளில் 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த் (பேட்டரியின் பாசிட்டிவ் முனை சேஸியில் சேரும்). 12 வோல்ட்டுக்கு மாற்றி, நெகட்டிவ் சேஸியில் சேர வேண்டிய ஆல்டர்னேட்டரும் வைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் பாசிட்டிவையே சேஸியில் கொடுத்தேன். ஒரு பொறி பறந்தது, ஆல்டர்னேட்டரின் டயோடுகள் போயின. பல்பு, காயில் எல்லாம் மாறின. மீட்டர்களுக்கு வோல்டேஜ் குறைப்பான். ஸ்டார்ட்டர் மட்டும் பழையதே. துள்ளிக்கொண்டு சுற்றுகிறது, அதிக நேரம் அழுத்தக் கூடாது.

கடைசியாகச் சூடு. ஃப்ளாட்ஹெட்டில் புகை பிளாக்குக்கு உள்ளேயே, தண்ணீர் அறைகளின் நடுவே போய்த்தான் வெளியேறும். சூடாகாமல் என்ன செய்யும்? தண்ணீர் பம்புகளைக் கழற்றி, துளைக்குள் வளைந்த கம்பியை விட்டுக் கிளறித் தண்ணீர் பீய்ச்சினேன். முதலில் செம்மண் குழம்பாகத் துரு வந்தது. பிறகு கறுத்த, நறநறவென்ற மணல். பிளாக்கை வார்க்கும்போது அச்சில் போட்டது, இத்தனை காலமும் உள்ளேயே இருந்திருக்கிறது. ஒரு பெயின்ட் டப்பா பாதி நிறைந்தது.

இப்போது வண்டி ஓடுகிறது, சூடேறுவதில்லை, மிதித்தால் நிற்கிறது. இரட்டை கார்புரேட்டர் இன்னும் பெட்டியில்தான் இருக்கிறது.