லூசியாம்மாள் காட்டின நீலம்

அம்மாட ரெண்டு கண் ஒப்பரேசனும் நல்லபடியா முடிஞ்சா கொழும்பு கொட்டாஞ்சேனையில இருக்கிற, கண்ணுக்குக் காவலான புனித லூசியாம்மாளிட கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு வந்து பூசை ஒப்புக்குடுக்கிறன் எண்டு நேர்ந்திருந்தன், தாய் கேட்டுத் தந்திட்டா, டிசம்பர் 13 திருநாளிலயே நேர்த்தி தீர்ந்துது, ஆயிரம் ஸ்தோத்திரம்!

வெள்ளவத்தையில இருந்து கோட்டை வரைக்கும் பஸ், அங்கால த்ரீவீல். மீற்றர் வேலை செய்யுதில்லையாம், திருநாள் எண்டா ஒருத்தருக்கும் வேலை செய்யாது போல. இறங்கினா மெழுகுதிரி விக்கிறவை அம்மாட கையைப் பிடிச்சு இழுக்காத குறை, வீட்டில இருந்தே கொண்டு வந்தம் எண்டாலும் விடுறேல்ல. உள்ள மூச்சு விட ஏலாத சனம். சுவரோரமா ஒரு வாங்கில ஒரு சிங்கள அம்மா தள்ளி இருந்து இடம் தந்தா, அவவுக்கும் கண் வருத்தமாம், புண்ணியவதி.

பூசை நடந்துகொண்டிருக்கேக்க கலர்க் கண்ணாடிக்கால வெயில் வந்து அம்மாட வெள்ளைச் சீலைத் தலைப்பில நீலமா விழுந்துது. அவ அதைத் தடவிப் பாத்திட்டு, "பிள்ளை, நீலம் எண்டா இவ்வளவு நீலமோ?" எண்டா. புரை முத்தினா கண் வில்லை மஞ்சளாகி நீலத்தை மங்க வச்சிடும் எண்டு டொக்டர் முந்தியே சொன்னவர், நான் எடுத்துக் குடுத்த நீலச் சீலையை சாம்பல் எண்டு அவ சண்டை பிடிச்சதும் அதாலதான். "பெயின்ற் அடிச்சதோ, மழைக்குப் போகாதோ?" எண்டு அடுத்த கேள்வி. இல்லையம்மா, கண்ணாடியை உருக்கேக்கையே கோபால்ட் எண்ட நீலம் குடுக்கிற பொருளைச் சேர்ப்பினம், நிறம் உள்ளுக்கயே இருக்கும், பிறகு துண்டு துண்டா வெட்டி ஈயப் பட்டி வச்சுப் பொருத்துவினம், முகம் கண்ணெல்லாம் கோடா தீட்டி சூளையில சுடுறது எண்டு நான் மெல்லமா சொல்லிக்கொண்டு போறன், அவ எங்க கேட்டா, தட்டில ரெண்டு கண்ணோட நிக்கிற லூசியாம்மாளைப் பாத்து அழத் தொடங்கிட்டா, நானும்தான், பாதர் என்ன பிரசங்கம் வச்சவரோ ஆருக்குத் தெரியும்.

304இல சிசிலியில வேதசாட்சியா உயிரைக் குடுத்த குமரிப்பிள்ளை, இங்க கொட்டாஞ்சேனையில எங்கட அம்மாவைக் கண்டிருக்கிறா பாருங்கோ! டொக்டரும் கெட்டிக்காரர்தான், அவருக்கும் சேத்துத்தான் திரி கொளுத்தினது.

பெரியம்மாவுக்கும் தை மாசம் ஒப்பரேசனுக்கு டேட் குடுத்திருக்கினம், தாயே, அவவையும் பாத்துக்கொள்ளும், அடுத்த திருநாளுக்கு அவவையும் கூட்டிக்கொண்டு வாறன்.