புறாக்கோபுரத்துக்கு அனுமதி இல்லை: பெரிகோரில் ஷத்தோ வாங்கிய பதினான்கு மாதங்கள்

பிரான்சின் பெரிகோர் வெர் பகுதியில், நொந்த்ரோனுக்கு அருகே, நான்கு விடுமுறைக் குடில்களோடு விற்பனைக்கு வந்த 17ஆம் நூற்றாண்டு ஷத்தோ (பழைய மாளிகை) ஒன்றை 2022 ஒக்டோபரில் முதன்முறையாகப் பார்த்தோம். அதன் உறுதிப் பத்திரம் எங்கள் கைக்கு வந்தது 2023 டிசெம்பரில். இடையில் போன பதினான்கு மாதங்களில் மாளிகையால் எங்களுக்கு ஒரு நாள்கூடத் தாமதம் ஏற்படவில்லை. அத்தனை தாமதமும் குடில்களால் வந்தது. வங்கிக் கடனை அடைக்கப் போவது குடில் வாடகைதான் என்று தெரிந்திருந்தும், கோபுரத்தையும் கல் படிக்கட்டையும் ஆராய்ந்த அளவுக்கு அந்தக் குடில்களின் பத்திரங்களை நாங்கள் ஆராயவில்லை.

விலை பேசி முடிக்க ஒரு வாரம் போதுமாக இருந்தது. நானும் மனைவியும் தம்பியின் குடும்பமும் சேர்ந்து வாங்கியதால் சொத்துக் கூட்டு நிறுவனம் அமைக்கலாமா என்று யோசித்தோம். தளபாடங்களோடு வாடகைக்கு விட்டால் அத்தகைய நிறுவனம் நிறுவன வரிக்குள் போய்விடும் என்று கணக்காளர் எச்சரித்ததால் எங்கள் பெயர்களிலேயே வாங்க முடிவு செய்தோம். 2023 ஜனவரியில் கொம்ப்ரொமி எனப்படும் முதற்கட்ட விற்பனை உடன்படிக்கை கையெழுத்தானது. ஐந்து சதவீத முற்பணம் கட்டினோம். மனம் மாறினால் விலகிக்கொள்ளச் சட்டம் தரும் பத்து நாள்களும் கடந்தன.

அப்போது நாங்கள் செய்த பிழை, உறுதி எழுதும் சட்ட அலுவலரான நொத்தாரிசு, விற்பவருடையவர் ஒருவரே இரு தரப்புக்கும் போதும் என்று ஒப்புக்கொண்டது. இரண்டாவது நொத்தாரிசை அமர்த்தினால் செலவு இரட்டிப்பாகும் என்று நினைத்திருந்தோம். உண்மையில் ஒரே கட்டணத்தைத்தான் இருவரும் பங்கிட்டுக்கொள்கிறார்கள். வாங்குபவருக்கு ஒரு யூரோவும் கூடுவதில்லை. ஏப்ரலில் ஒரு நண்பர் சொல்லித்தான் இது எங்களுக்குத் தெரிந்தது. நாங்கள் அமர்த்திய நொத்தாரிசு அனுப்பிய முதல் கடிதத்திலேயே நான்கு குடில்களின் கட்டட அனுமதிப் பத்திரங்களையும் கேட்டிருந்தார். மூன்று மாதங்களாக யாருமே கேட்காத கேள்வி அது.

குதிரை லாயத்தை மாற்றி அமைத்த இரண்டு குடில்களுக்கும் அனுமதி இருந்தது. பழைய ரொட்டி அடுப்பு வீட்டின் பின்பகுதி எப்போது கட்டப்பட்டது என்று எவருக்கும் தெரியவில்லை. புறாக்கோபுரத்தை மாற்றி அமைத்த நான்காவது குடிலுக்கு ஒரு தாளும் இல்லை.

விற்பவர் ஊர் மன்றத்தில் எல்லாம் இருக்கும் என்றார். சிற்றூர்களின் மன்ற அலுவலகங்கள் பெரும்பாலும் வாரத்தில் சில அரை நாள்களே திறந்திருக்கும் என்பதால் நேரத்தைச் சரிபார்த்துக்கொண்டு, பாரிஸின் மொன்பர்னாஸ் நிலையத்திலிருந்து அங்குலேம் வரை ரயிலிலும் அங்கிருந்து வாடகைக் காரிலும் போய்ச் சேர்ந்தேன். கதவில் ஒரு தாள் ஒட்டியிருந்தது: செயலாளர் அந்த வாரம் பக்கத்து ஊர் அலுவலகத்தில் பணிபுரிகிறார். அந்தப் பயணம் முழுவதும் வீண். இரண்டாம் முறை போனபோது அவர் இருந்தார்; எழுந்து அலமாரியைத் திறக்கவும் இல்லை. "கோப்பு இருந்திருந்தால் உங்கள் நொத்தாரிசுக்கு ஏற்கனவே அனுப்பியிருப்போம்" என்று மட்டும் சொன்னார். போவதற்கு முன் தொலைபேசியில் நாள் குறித்துக்கொள்ளுங்கள். என்ன தேடுகிறீர்கள் என்பதைக் காணி எண்ணோடு மின்னஞ்சலிலும் எழுதிவிடுங்கள். எழுத்தில் கேட்டதற்கு எழுத்தில் பதில் வரும், அதுதான் நொத்தாரிசுக்குப் பயன்படும்.

ரொட்டி வீட்டுச் சிக்கலை என் மனைவி தீர்த்தார். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வரையப்பட்ட நெப்போலியன் காலக் காணி வரைபடங்களை மாவட்ட ஆவணக் காப்பகம் இணையத்தில் வைத்திருக்கிறது. இரவு பதினொரு மணிக்கு அவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டிய தாளில் கட்டடங்கள் மங்கிய இளஞ்சிவப்பு மையில் நிரப்பப்பட்டிருந்தன. ரொட்டி வீட்டின் பின்பகுதி, இன்றிருக்கும் அதே கோணலோடு, அங்கே இருந்தது. கட்டட அனுமதி நாடு முழுவதற்கும் பொதுவான கட்டாயமானது 1943இல்தான் என்பதால் அதற்கு முந்திய சுவருக்கு அனுமதி கேட்க முடியாது. அந்த ஒரு படத்தோடு நொத்தாரிசு அக்கேள்வியைக் கைவிட்டார்.

புறாக்கோபுரத்துக்கு அத்தகைய வழி இல்லை. பழைய கட்டடமே ஆனாலும் அதைக் குடியிருப்பாக மாற்றியதும் புதிய ஜன்னல் திறந்ததும் அண்மைக்கால வேலைகள். பத்து ஆண்டுகள் கடந்துவிட்டதால் இனி எவரும் கேட்க முடியாது என்று தரகர் உறுதியாகச் சொன்னார். இதை நம்பாதீர்கள். பத்து ஆண்டு விதி, அனுமதி பெற்றுவிட்டு அதிலிருந்து விலகிக் கட்டியவர்களுக்கு உதவும். பெற வேண்டிய அனுமதியை அறவே பெறாமல் கட்டியதற்கு உதவாது. நாளை கூரையை மாற்ற விண்ணப்பித்தாலும் அதையே காரணம் காட்டி மறுக்கலாம்.

ஆகவே ஏற்கனவே செய்த வேலையை முறைப்படுத்தும் அனுமதிக்கு விற்பவரே விண்ணப்பிக்க வேண்டும் என்று உடன்படிக்கையில் இணைப்பு எழுதி, காலத்தையும் நீட்டித்தோம். ஆய்வுக் காலம் இரண்டு மாதம்; பாதுகாக்கப்பட்ட தேவாலயத்தின் 500 மீட்டர் சுற்றுவட்டத்துக்குள் இருந்ததால் மேலும் ஒரு மாதம். அரசின் மரபுக் கட்டடக் கலைஞர் பிளாஸ்டிக் ஜன்னலை அகற்றி ஓக் மரத்தில் செய்ய வேண்டும் என்ற நிபந்தனையோடு இசைவு தந்தார். அவர் கேட்டது நியாயம். அந்த வெள்ளை ஜன்னல் எங்கள் கண்ணையும் முதல் நாளே உறுத்தியது.

ஓகஸ்ட் நடுவில் அனுமதி வந்தது. அதன் பிறகு அறிவிப்புப் பலகை வைத்து, அயலவர் ஆட்சேபிக்க இரண்டு மாதம் விட வேண்டும். செப்டெம்பர் 20ஆம் திகதி அளவில் நாங்கள் போனபோது பலகை புறாக்கோபுரத்தின் பின்சுவரில், வாதுமை மரத்து நிழலில் தொங்கிக்கொண்டிருந்தது. பொது வீதியில் நின்று வாசிக்க முடியாத பலகைக்கு இரண்டு மாதக் கணக்கு தொடங்கவே தொடங்காது. ஐந்து வாரங்கள் வீணாயின. அன்றே அதைக் கழற்றி வீதியோர வாயிலில் வைக்கச் செய்தோம். உய்சியே என்று எல்லோரும் இன்னும் அழைக்கும் நீதி அலுவலரை அழைத்து, பலகை இருப்பதைத் தொடக்கத்திலும் இடையிலும் முடிவிலும் பதிவு செய்ய வைத்தோம். அந்தச் செலவைத் தயங்காமல் செய்யுங்கள்.

இதற்கிடையே எங்கள் கடன் காலாவதியானது. வீட்டுக் கடன் முன்மொழிவை ஏற்ற நாளிலிருந்து நான்கு மாதத்துக்குள் விற்பனை முடியாவிட்டால் அது செல்லாது. மார்ச்சில் மூன்று சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாக ஏற்றிருந்த வட்டி, இலையுதிர்காலத்தில் மறுபடி விண்ணப்பித்தபோது நான்கைத் தாண்டியிருந்தது. இந்த வேதனை எனக்கு இன்னும் ஆறவில்லை. இருபது ஆண்டுகளுக்கு மாதந்தோறும் கட்டப்போகும் அந்தக் கூடுதல் தொகை, ஜனவரியில் கேட்காத ஒரு கேள்வியின் விலை.

மலக்குழி அறிக்கையும் தேதி கடந்ததாக இருந்தது. மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே செல்லும் அந்த அறிக்கை நான்கு ஆண்டுப் பழையது. புதிதாக வந்த ஆய்வாளர் புறாக்கோபுரத்துக் கைகழுவும் தொட்டியில் பச்சைச் சாயத்தை ஊற்றிவிட்டு, மலக்குழியின் கொங்கிறீற் மூடியைத் தூக்கிவைத்துக் காத்திருந்தார். அங்கே சாயம் வரவில்லை. கால் மணி நேரம் கழித்து, வாதுமை மரத்தடி வாய்க்காலில், உலர்ந்த இலைகளுக்கு நடுவே பச்சை நீர் மெல்ல வழிந்தது. விதிப்படி இல்லை என்று அறிக்கை வந்தால் வாங்குபவர் ஓராண்டுக்குள் சரிசெய்ய வேண்டும். அதனால் கையெழுத்துக்கு முன்பே இரண்டு ஒப்பந்தக்காரர்களிடம் மதிப்பீடு வாங்கி, அந்தத் தொகையை விலையில் குறைக்கச் செய்தோம். பேரத்தில் நாங்கள் வென்ற ஒரே இடம் அதுதான்.

பிறப்புச் சான்றிதழை நாந்த் நகரிலிருந்து பெறுவது, நீச்சல் குளத்து அபாய மணி, விவசாய நிலத்துக்கு முன்னுரிமை கொண்ட சஃபேர் அமைப்பின் இரண்டு மாதக் காத்திருப்பு, இவையெல்லாம் தொல்லையின்றி நடந்தன. ஒரு சிறு குறிப்பு மட்டும்: யாழ்ப்பாணத் திருமணப் பத்திரத்திலும் பிரெஞ்சு அடையாள அட்டையிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருக்கின்றனவா என்று முதலிலேயே பாருங்கள். என் தந்தை பெயரில் ஓர் எழுத்து குறைந்திருந்ததற்கு மூன்று கடிதங்கள் எழுத வேண்டியிருந்தது.

முதல் கோடையில் மூன்று குடில்களை மட்டும் திறந்தோம். அவற்றுக்கு நட்சத்திரத் தரமும் பெற்றுவிட்டோம். தரம் பெறாத குடில்களுக்கான வரிக் கழிவை 2024 நவம்பர்ச் சட்டம் 30 சதவீதமாகக் குறைத்துவிட்டதால் இனி வாங்குபவர்கள் இதைத் தள்ளிப்போடக் கூடாது. புதிய மலக்குழி அதே நவம்பரில் முடிந்தது. அதே ஆய்வாளர் வந்து, புறாக்கோபுரத்தின் ஓக் ஜன்னலுக்குக் கீழே உள்ள அதே கைகழுவும் தொட்டியில் மீண்டும் பச்சைச் சாயத்தை ஊற்றினார். நாங்கள் நால்வரும் மலக்குழியின் திறந்த மூடியைச் சுற்றி நின்றோம். இம்முறை பச்சை நீர் அங்கே வந்து சேர்ந்தது.